வார இறுதிப் பயணத்தில் மீன்: எதை நாமே சமைப்பது, எதை உணவகத்தில் உண்பது?

வணக்கம். தாம்பரத்திலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவரும் அவருடைய கல்லூரித் தோழர்கள் ஐவரும் மாதம் ஒருமுறை சனிக்கிழமை காலையில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கி, ஞாயிறு மாலை திரும்புகிறார்கள். போகும் வழியில் மீன் வாங்கிக் காரின் பின்பக்கத்தில் வைத்துவிட்டு, மதியம் ஓர் உணவகத்தில் சாப்பிட்டு, இரவில் தாங்களே சமைக்கிறார்கள். சென்ற மாதம் காணாங்கெளுத்தி பொரித்துச் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் இருவருக்கு முகம் சிவந்து, உடலெல்லாம் அரித்து, தலைவலியும் வந்திருக்கிறது. மீனில் வாடை எதுவும் இல்லை, நன்றாகத்தான் பொரித்தோம், பிறகு ஏன் இப்படி ஆயிற்று, இனிமேல் சமைப்பதை விட்டுவிட்டு உணவகத்திலேயே சாப்பிட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

சமைப்பதை விட வேண்டாம். நண்பர்கள் சேர்ந்து மீன் சமைக்கும் ஒரு நாள் எவ்வளவு அருமையானது என்பதை ராயபுரத்தில் வளர்ந்த நான் நன்றாக அறிவேன். மாற்ற வேண்டியது உங்கள் நேர ஒழுங்கைத்தான்.

முதலில் அந்த அரிப்பைப் பார்ப்போம். நான் மருத்துவர் அல்ல; ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரம் ஹிஸ்டமின் நச்சுக்கு அப்படியே பொருந்துகிறது. காணாங்கெளுத்தி, மத்தி, சூறை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் இயல்பாகவே மிகுதியாக இருக்கிறது. ஐஸ் இல்லாமல் அந்த மீன் வெப்பத்தில் கிடந்தால், அதன் மேலும் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. இப்படி ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமினைப் பொரிப்பதாலோ, கொதிக்க வைப்பதாலோ, பிறகு உறைய வைப்பதாலோ அகற்ற முடியாது என்பதுதான் இதில் பலருக்கும் தெரியாத செய்தி. வாடையும் வராமல், நிறமும் மாறாமல்கூட அது இருக்கலாம். சென்னை வெயிலில் நிறுத்திய காருக்குள் நான்கைந்து மணி நேரம் பையில் கிடந்த மீன் என்றால், எத்தனை கவனமாகப் பொரித்திருந்தாலும் பயனில்லை.

பெரும்பாலும் இது ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். ஆனால் மூச்சுத் திணறலோ, நாக்கும் தொண்டையும் வீங்குவதோ, மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இதை ஒவ்வாமையோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. இறாலும் நண்டும் சிலருக்கு ஆகாமல் போவதற்குக் காரணமான ட்ரோபோமயோசின் என்ற புரதம், எவ்வளவு புத்தம்புதிய இறாலிலும் இருக்கும், வேக வைத்தாலும் சிதையாது. உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கான மீனை இறால் பொரித்த எண்ணெயில் போடாதீர்கள். அந்த இரு நண்பர்களும் இதற்கு முன் மீன் சாப்பிட்டபோது இப்படி நேர்ந்ததா என்று கேட்டு, ஐயம் இருந்தால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடச் சொல்லுங்கள்.

இப்போது ஒழுங்குக்கு வருகிறேன். சனிக்கிழமை மதியம் உணவகம், இரவு சமையல் என்பதைத் தலைகீழாக மாற்றி, மீன் வாங்கிய நாளன்று சமையல், வீடு திரும்பும் ஞாயிறன்று உணவகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மீன் காத்திருக்காது. உங்களுக்கும் ஒரு நாள் முழுவதும் அடுப்படியில் போகாது.

வாங்குவதற்குக் காசிமேட்டுக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காசிமேடு பெரிய துறைமுகம்; அங்கே விடியற்காலை ஏலத்தைப் பார்ப்பதே ஓர் அனுபவம். ஆனால் அங்கே வாங்கிக்கொண்டு நகரத்தைக் குறுக்காகக் கடந்து தெற்கே போவது உங்களுக்குத் தேவையற்ற அலைச்சல். நீங்கள் போகும் வழியிலேயே, சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், கோவளம் இருக்கிறது. அங்கே காலையில் கரையேறும் ஃபைபர் படகுகளில் வருவது அன்றைய மீன். சற்று முன்னதாகவே கிளம்ப முடிந்தால் பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கமும் போகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதை நினைவில் வைத்து, அந்த நாட்களில் வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்காமல், நாட்டுப்படகில் வரும் கிழங்கானையும் சங்கராவையும் நெத்திலியையும் வாங்குங்கள். புரட்டாசியில் பலர் அசைவத்தை நிறுத்திவிடுவதால் விலை இறங்கும். விரதம் இல்லாதவர்களுக்கு அது நல்ல மாதம்.

பட்டியல் எழுதிக்கொண்டு மீன் வாங்கப் போகாதீர்கள். அன்று எது நன்றாக இருக்கிறதோ அதுதான் அன்றைய சமையல். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும். சதையை அழுத்திய இடம் குழியாக நிற்காமல் மீண்டு எழ வேண்டும். மீன் விற்கும் அக்காவிடம் இவற்றையெல்லாம் பார்த்துக் கேட்டு வாங்கினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்கு மீன் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லோரும் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள்தான். அங்கேயே வெட்டிக் குடலை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஐஸ்பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அடியில் ஐஸ், மேலே மீன், அதன் மேல் மீண்டும் ஐஸ் என்று, மீனின் எடைக்குச் சமமான ஐஸோடு அடுக்குங்கள். உருகும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். மசாலா தடவி எலுமிச்சை பிழிந்துவிட்டால் மீன் கெடாது என்று நினைத்து வெளியே வைப்பவர்கள் உண்டு. அது தவறு, மசாலா தடவிய மீனும் குளிரில்தான் இருக்க வேண்டும்.

நாமே சமைக்க ஏற்றது எது என்று கேட்டால், தயங்காமல் நண்டு என்பேன். உணவகத்தில் நண்டை ஆற அமர உண்ண முடிவதில்லை. அடுத்தவர் மேசைக்குக் காத்திருப்பார், நமக்கும் விரலெல்லாம் மசாலாவோடு உட்கார்ந்திருக்கக் கூச்சம். வாடகை வீட்டில் தரையில் செய்தித்தாளை விரித்து, ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து, கொடுக்கை உடைத்து, கால்களை உறிஞ்சி, இடையிடையே பேசிப் பேசி இரண்டு மணி நேரம் உண்ணலாம். வேலையையும் அது தானாகவே பகிர்ந்து கொடுத்துவிடும்: ஒருவர் மேலோட்டைக் கழற்றி, சாம்பல் நிறத்தில் விரல் விரலாக இருக்கும் செவுள்களைக் களைய, இன்னொருவர் குழவியால் கொடுக்குகளை இலேசாகத் தட்டிக் கீறல் விட, மூன்றாமவர் சின்ன வெங்காயம் உரிக்க, மற்றவர் மிளகும் சீரகமும் பூண்டும் இடிக்கலாம். கொடுக்கில் கீறல் விடாமல் போட்டால் மசாலா உள்ளே இறங்காது. உப்புப் போடும் பொறுப்பை மட்டும் ஒருவர் கையில் விட்டுவிடுங்கள். வாங்கும்போது அளவுக்கு மீறிக் கனமாகத் தோன்றும் நண்டையே எடுங்கள். எடையில்லாத நண்டுக்குள் சதை இருக்காது. அடிவயிற்றில் முட்டைத் திரளோடு இருக்கும் நண்டை வாங்க வேண்டாம். அது கரைக்கு வராமல் இருந்திருந்தால் கடலுக்கு எத்தனையோ ஆயிரம் குஞ்சுகள் கிடைத்திருக்கும்.

உணவகத்துக்கு விட வேண்டியவை கடம்பா என்னும் கணவாயும் நெத்திலி வறுவலும் முழு வவ்வால் மீனும். கடம்பா பெருந்தீயில் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்து இறங்க வேண்டும், அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் சிறுதீயில் கிடக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் எடுத்தால் ரப்பராக இருக்கும். வாடகை வீட்டின் சிறிய அடுப்பில் ஒரு கிலோ கடம்பாவைக் கொட்டினால் வாணலி குளிர்ந்து, நீர் விட்டுக்கொண்டு, வதங்காமல் வேகத் தொடங்கிவிடும். உணவக அடுப்பின் தீ அதற்கென்றே அமைந்தது. நெத்திலி எண்ணெயிலிருந்து எடுத்த நிமிடத்தில் உண்ண வேண்டியது. ஆறு பேருக்கு வீட்டில் பொரித்தால் பொரிப்பவர் கடைசியாகத்தான் உண்பார், அதை நான் விரும்புவதில்லை. உணவகத்தில் உட்கார்ந்ததும் இன்று என்ன மீன் வந்தது என்று கேளுங்கள், முடிந்தால் காட்டச் சொல்லுங்கள், எடைக்கு விலை வைக்கும் மீனுக்கு விலையைச் சமைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஞாயிறு மதியம் 12 மணிக்கே போய்விட்டால் கூட்டத்துக்கு முன் உண்டு முடிக்கலாம்.

குழம்பைச் சனிக்கிழமை மாலையிலேயே வைத்துவிடுங்கள். நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதக்கி, குழம்பு மிளகாய்த்தூளும் புளிக்கரைசலும் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதித்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். கிடைத்தால் இரண்டு துண்டு மாங்காயும் போடுங்கள். மீன் போட்ட பிறகு கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்து அசைத்துவிட்டாலே போதும். இரவு உண்டது போக மிஞ்சியதை அடுப்பின் மேலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிடாமல், ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, ஞாயிறு காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டு இட்லியோடு உண்ணுங்கள். இரவில் மீனுக்குள் புளி இறங்கியிருக்கும். அதற்குப் பிறகும் மிஞ்சி, வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தால், அதையும் ஐஸ்பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவாருங்கள். காரின் பின்பக்கத்தில் சும்மா வைக்காதீர்கள்.