முன்னூறு வயது அப்பாவுக்குப் பின்னால் நிற்பவர்

வணக்கம் நேயர்களே. நான் கருவூலத்தில் ஓய்வூதியப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். வீட்டுக்கு வந்தால் அறிவியல் புனைகதைதான் படிப்பேன். மனிதன் முன்னூறு வருடம், ஐந்நூறு வருடம் வாழ்கிற எதிர்காலக் கதைகள் என்றால் சாப்பாடு ஆறிப்போகும். பகலில் வயதானவர்கள், ராத்திரியில் சாகாதவர்கள் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் என் கவுண்டரில் நடந்தது. ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறாரா என்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்குவோம், நேர்காணல் என்று சொல்வோம், உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நீங்களும் போயிருப்பீர்கள். ஒரு தடவை 94 வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார், ஓய்வுபெற்ற வாத்தியார். கை நடுங்கியதால் ரேகை வைக்கச் சொன்னோம். ரேகை தேய்ந்து போயிருந்தது, மூன்று தடவை வைத்தும் வெறும் மைத் தீற்றல்தான் விழுந்தது. கூட வந்தவர் அவருடைய பெருவிரலைத் தன் வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். அதெல்லாம் முடிந்த பிறகு, தன் மஞ்சள் பையிலிருந்து இன்னொரு ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "அடுத்தது என்னுது சார்" என்றார். மகன். அவருக்கு 69 வயது, அவரும் ஓய்வூதியர். முட்டி வலியோடு அப்பாவைத் தாங்கிக்கொண்டு அவ்வளவு நேரம் வரிசையில் நின்றிருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் என்னால் கதாநாயகனைப் பார்க்க முடியவில்லை. அவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் தேடினேன். நீண்ட ஆயுளைப் பற்றிய கதை எதுவானாலும், வாழ்கிறவர் ஒருவர், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பல பேர். அந்த வரிசையைக் காட்டுகிற கதைதான் எனக்கு உண்மையான கதை.

கதை இருக்கட்டும், நிஜத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்தது, எங்கே போனாலும் இதைச் சொல்லாமல் வரமாட்டேன். ஜான் கால்மான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. 1875-இல் ஆர்ல் என்ற ஊரில் பிறந்து, 1997-இல் காலமானார். 122 வருடம், 164 நாள். அந்த வயதைப் பற்றிச் சிலர் சந்தேகம் கிளப்பினார்கள் என்றாலும், உலகத்தில் பதிவான மிக நீண்ட ஆயுளாக இதைத்தான் இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். மகளும் போய், ஒரே பேரனும் போன பிறகு, 1965-இல், 90 வயதில், தன் வீட்டை அந்த ஊர் வக்கீல் ஒருவருக்கு எழுதிக் கொடுக்க ஒப்பந்தம் போட்டார். பிரான்சில் இது சாதாரணமான வழக்கம். வாங்குகிறவர் மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துக்கொண்டே வர வேண்டும், கிழவி கண்ணை மூடினால் வீடு அவருக்கு. மாதம் 2,500 பிராங்க். வக்கீலுக்கு அப்போது வயது 47. யாராக இருந்தாலும் நல்ல பேரம் என்றுதான் நினைப்போம். அந்த அம்மா நூறு வயது வரைக்கும் சைக்கிள் ஓட்டினார். வக்கீல் கொடுத்துக்கொண்டே இருந்தார். பத்து வருடம், இருபது வருடம், முப்பது வருடம். வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்தாயிற்று. 1995-இல், 77 வயதில், வக்கீல் இறந்துபோனார். அதற்கு அப்புறமும் அவருடைய மனைவிதான் பணம் கட்டினார், அந்த அம்மா போகும் வரை. பாருங்கள், இதில் யார் மேலும் தப்பில்லை. ஒருவர் வாழ்ந்தார், இன்னொருவர் காத்திருந்தார், அவ்வளவுதான்.

இதை முதலில் புரிந்துகொண்ட எழுத்தாளர் ஜானதன் ஸ்விஃப்ட் என்பேன். 1726-இல் வந்த கல்லிவர் பயணக் கதையில், ஒரு நாட்டில் இடது புருவத்துக்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களுக்குச் சாவு கிடையாது, ஆனால் மூப்பு உண்டு. பல் விழும், நினைவு போகும், இருநூறு வருடத்தில் ஊர்ப் பாஷையே மாறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச முடியாது. அந்த நாட்டுச் சட்டம் என்ன செய்கிறது தெரியுமா? 80 வயது முடிந்ததும் அவர்களை இறந்தவர்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது, சொத்து அன்றைக்கே வாரிசுகளுக்குப் போய்விடும். நம் ஊரில் 80 முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூட்டிக் கொடுக்கிறோம், நூறு முடிந்தால் நூறு சதவீதம். அந்தக் கூடுதலை என் கையாலேயே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் ஸ்விஃப்ட் எழுப்பிய கேள்வி அப்படியேதான் நிற்கிறது. முன்னால் இருப்பவர் நகரவே மாட்டார் என்றால் பின்னால் நிற்பவருக்கு என்ன வழி?

சரி, இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். 1825-இல் பெஞ்சமின் கொம்பெர்ட்ஸ் என்ற லண்டன்காரர், இன்ஷூரன்ஸ் கணக்குப் போடுகிறவர், ஒன்றைக் கண்டுபிடித்தார். அதை வைத்து இன்றைக்குக் கணக்குப் பார்த்தால், முப்பது வயதுக்கு மேல் சுமார் எட்டு வருடத்துக்கு ஒரு தடவை சாகும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதை மாதிரிதான். 38-இல் இரண்டு மடங்கு, 46-இல் நான்கு, அப்படியே போனால் என் வாத்தியாரின் 94 வயதில் 256 மடங்கு. அதனால்தான் புற்றுநோயை மட்டும் ஒழித்தாலும் ஆயுள் சில வருடம்தான் கூடும், பக்கத்தில் இன்னொரு நோய் தயாராக நிற்கும். இந்த இரட்டிப்பையே நிறுத்திவிட்டால்? வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர்தான் சாகிறார் என்ற இளவயது நிலையிலேயே நிற்க முடிந்தால், சராசரி ஆயுள் ஆயிரம் வருடம். எலி அளவே இருக்கிற, உடம்பில் முடியில்லாத ஒரு ஆப்பிரிக்கப் பிராணி இருக்கிறது, மண்ணுக்குள் வளை தோண்டி வாழும். சாதாரண எலி இரண்டு மூன்று வருடம், இது முப்பதைத் தாண்டுகிறது, வயது ஏற ஏறச் சாகும் வாய்ப்பு கூடுவதாகவும் தெரியவில்லை என்று 2018-இல் எழுதினார்கள். ஆகையால் கதாசிரியர்கள் வெறும் காற்றில் கோட்டை கட்டவில்லை.

செக் எழுத்தாளர் கேரல் சாப்பெக் 1922-இல் போட்ட நாடகத்தில், 337 வயதுப் பாடகிக்கு வாழ்க்கையே கசந்துவிடுகிறது. கடைசியில், அவளை அவ்வளவு காலம் வாழ வைத்த மருந்தின் குறிப்பு ஒரு இளம்பெண் கைக்கு வருகிறது, அவள் அதை எரித்துவிடுகிறாள். பின்னால் நிற்கிறவள் அவள், கவனித்தீர்களா? முடிவு அவளுடையது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எரித்திருக்க மாட்டேன், வாத்தியாரின் அந்த விரலைப் பார்த்தவனால் அது முடியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிம் ஸ்டான்லி ராபின்சனின் செவ்வாய்க் கிரக நாவல்கள் மூன்றைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். அதில் ஆயுளை நீட்டும் சிகிச்சை வருகிறது, அது கிடைக்காதவர்கள் பூமியில் கொந்தளிக்கிறார்கள், வரிசை தெருவுக்கு வந்துவிடுகிறது. கிடைத்தவர்களுக்கோ நூறு வருடம் கழித்துத் தங்கள் இளமையே நினைவில் நிற்கவில்லை. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடப் பெயர்கள்தான், ஒரு சுற்று முடிந்தால் அறுபதாம் கல்யாணம். முன்னூறு வருடம் வாழ்கிறவருக்கு அதே பெயர் ஐந்து தடவை வரும். எந்தப் பிரபவவில் கல்யாணம் நடந்தது, எந்த விபவவில் மகன் பிறந்தான் என்று அவர் யாரைக் கேட்பார், அந்த மகனுக்கே 270 வயது... நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். நன்றி, வணக்கம்.