கதவுல மாட்டுற கலர் வளையம் 100 ரூபாய்க்குள்ள முடியுமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, பணகுடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. "அக்கா, கிறிஸ்மஸுக்குக் கதவுல மாட்டுற கலர் வளையம் கடையில விலை கேட்டாலே தலை சுத்துது. கம்பியை வளைச்சு சாட்டின் ரிப்பன் சுத்திப் பாத்தேன், எல்லாம் ஒரு பக்கமா சரிஞ்சு போச்சு. 100 ரூபாய்க்குள்ள வீட்டுலயே செய்ய வழி உண்டா?"

தாராளமா உண்டும்மா. முதல்ல அந்தக் கம்பிய ஓரமா வச்சிருங்க. கம்பியும் வழவழ, சாட்டினும் வழவழ. ஒண்ணையொண்ணு பிடிக்காது, அதான் சரியுது. நமக்கு ஈர்க்கு போதும். பச்சைத் தென்னோலையில கிழிச்ச ஈர்க்கா இருக்கணும். காஞ்ச விளக்குமாத்து ஈர்க்கு வளைக்கும்போதே படக்குன்னு ஒடிஞ்சிரும். அதுதான் கையில இருக்குன்னா ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப் போட்டு எடுங்க.

ஒரு முப்பது நாப்பது ஈர்க்கு எடுத்துக்கிடுங்க. இங்கதான் நிதானமாப் பாக்கணும். இந்தா பாருங்க, அடி தடிப்பா இருக்கு, நுனி மெலிசா இருக்கு. எல்லா அடியையும் ஒரே பக்கம் அடுக்கினா வளையம் ஒரு பக்கம் குண்டாவும் ஒரு பக்கம் ஒட்டியும் வரும். அடி, நுனி, அடி, நுனின்னு மாத்தி மாத்தி அடுக்குங்க. 1 அடி அகல வளையத்துக்குச் சுத்தளவு 3 அடிக்குக் கொஞ்சம் கூட வரும். நீளம் பத்தலையா, ஒரு கட்டு நுனிக்குள்ள அடுத்த கட்டைச் சொருகி நாலு விரக்கடை ஏறவிட்டு நூலால இறுக்கிருங்க. அதுக்கு மேல பழைய வேட்டியைக் கிழிச்சு இறுக்கமா ஒரு சுத்து. பருத்தித் துணி மேல எதைக் கட்டினாலும் நகராது.

கலருக்குன்னு துணி வாங்கவே வேண்டாம். ஜாக்கெட் தைக்கிற அக்காகிட்ட கேட்டா வெட்டின மிச்சத்துணி ஒரு பை நிறையத் தருவாங்க. 1 இஞ்சு அகலம், 6 இஞ்சு நீளம்னு வெட்டி, ஒவ்வொண்ணா வளையத்தைச் சுத்தி ஒரு முடிச்சு. பசையே வேண்டாம். முடிச்சை நெருக்கித் தள்ளித் தள்ளிக் கட்டுங்க, ஒரு நூத்தம்பது துண்டு பிடிக்கும். எல்லாக் கலரையும் கலந்தடிச்சுக் கட்டாதீங்க, தெருவுல நின்னு பாத்தா மங்கலாத்தான் தெரியும். அரக்கு ஒரு கை அளவு, அடுத்து இலைப்பச்சை, அடுத்து மஞ்சள்னு கொத்துக் கொத்தாக் கட்டினா கலர் எடுப்பா நிக்கும். மினுக்குத் துணி இருந்தா நடுவுல ஒண்ணு ரெண்டு போதும், ஓரம் பிரியாம இருக்க ஊதுபத்தி நெருப்புல லேசாக் காட்டிக்கிடுங்க.

பூவுக்குப் பனங்குருத்தோலை. குருத்தோலை ஞாயித்துக்குச் சிலுவை மடிக்கத் தெரிஞ்ச கைக்குப் பூ மடிக்கிறதா கஷ்டம்? மஞ்சப்பொடியில மட்டும் முக்காதீங்க, வெயில் பட்டா வெளுத்துரும். பத்தமடையில பாய் நெய்யுற கோரைக்கும் மணப்பாட்டுல பெட்டி முடையுற பனை ஓலைக்கும் சாயத்தண்ணியக் கொதிக்க வச்சுத்தான் கலர் ஏத்துவாங்க. அதே மாதிரி சாயப்பொடி ஒரு பாக்கெட் வாங்கிக் கொதிக்கிற தண்ணியில போட்டு, ஓலையை முக்கி, நிழல்ல காயப் போடுங்க. ஆக, காசு செலவாகிறது நூல்கண்டு, சாயப்பொடி, ஆசைப்பட்டா நாலு சலங்கை மணி, அவ்வளவுதான். திருநெல்வேலி டவுன் ரதவீதிப் பக்கம் வந்தா எல்லாத்தையும் ஒரே நடையில முடிச்சிரலாம்.

ஒண்ணு விட்டுட்டேன். உங்க பணகுடிக் காத்து எப்படின்னு நமக்குத் தெரியும்லா. மேல மட்டும் மாட்டினா கதவுல அடிச்சுக்கிட்டே கிடக்கும். கீழயும் ஒரு நூலை விட்டு நாதாங்கியோட சேத்துக் கட்டிருங்க. மழைச்சாரல்ல நனைஞ்சா உடனே கழட்டி, தரையில பரத்தி வச்சுக் காய விடுங்க. ஈரத்தோட தொங்கினா ஈர்க்கு இளகி வளையம் முட்டை வடிவத்துக்குப் போயிரும்.