லாட்ஜ் வைஃபையில் சொந்த மெயில் சர்வர்

வணக்கம் மக்களே. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். கச்சான் காற்று, மைக்கில் கைக்குட்டை சுற்றியும் அடங்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் கருவாட்டு வியாபாரத்துக்கு மெயில் சர்வர் பார்த்துக்கொள்வது நான்தான். மடல் வந்து இறங்க 25, நான் உள்ளே போக 22, இந்த இரண்டு போர்ட்தான், அதாவது சர்வரின் எண் போட்ட வாசல்தான், வெளியே திறந்திருக்கும். மடல் படிக்கிற ஐமேப், போர்ட் 143, சர்வருக்குள் இருந்து கேட்டால்தான் பேசும். அப்படியானால் இங்கிருந்து எப்படிப் படிப்பது? எஸ்எஸ்எச் டனல்தான். எஸ்எஸ்எச் என்பது தூரத்து சர்வருக்குள் பூட்டிய, அதாவது குறியாக்கம் செய்த, இணைப்பில் போகிற வழி. அந்த இணைப்புக்குள் மற்ற போக்குவரத்தையும் விடுவதுதான் டனல்.

எஸ்எஸ்எச் பிறந்த கதையே ஒட்டுக்கேட்ட கதைதான். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை உருவினார்கள். அங்கே ஆராய்ச்சியில் இருந்த டாட்டு யுலோனன் இதை எழுதினார். லாட்ஜ் வைஃபை மட்டும் என்ன யோக்கியமா?

சரி, திரையைப் பாருங்கள். எஸ்எஸ்எச், கேப்பிடல் என், கேப்பிடல் எல், அப்புறம் 1143:லோக்கல்ஹோஸ்ட்:143, கடைசியில் சர்வர் முகவரி. என் என்றால் கட்டளை எதுவும் ஓட்டாதே, டனல் மட்டும் போதும். எல் என்றால் என் லேப்டாப்பின் 1143இல் வருவதை சர்வர் பக்கம் லோக்கல்ஹோஸ்டின் 143க்குக் கொண்டுபோ. இந்த லோக்கல்ஹோஸ்ட் என் லேப்டாப் இல்லை, சர்வர் தன்னைத்தானே சொல்லிக்கொள்வது. எனக்கே இது புரிய ஒரு வாரம் ஆனது. மெயில் ஆப்பில் கொடுக்கிற லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 1143, அதுதான் லேப்டாப். என்டர் அடித்ததும் கர்சர் சும்மா நிற்கும். தொங்கிவிட்டது என்று கன்ட்ரோல் சி அடித்துவிடாதீர்கள், டனல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் தடவை இணையும்போது சர்வரின் கைரேகை மாதிரி ஒரு நீள எழுத்துச் சரத்தைக் காட்டி, சரியா என்று கேட்கும். நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு 'யெஸ்' அடிப்பார்கள். நடுவில் எவனாவது சர்வர் வேஷம் போட்டால் பிடிபடுகிற இடமே அதுதான். நான் நோட்டில் எழுதி வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவேன்.

போன மாதம் தங்கச்சிமடத்தில் அசடு வழிந்தேன். ஐமேப்புக்கு மட்டும் டனல் போட்டு, அனுப்புகிற 587ஐ மறந்துவிட்டேன். மடல் படிக்கலாம், பதில் போகவில்லை. "ஏன்டா, தூத்துக்குடிக்காரருக்கு விலை அனுப்புனியா இல்லையா?" என்று சித்தப்பா போனில் கத்துகிறார். இப்போது அதே வரியில் இன்னொரு எல், 1587:லோக்கல்ஹோஸ்ட்:587.

ஒன்று, இந்தப் பூட்டு என் சர்வர் வரைக்கும்தான். அங்கிருந்து தூத்துக்குடி போகிற வழிக்கு டனல் பொறுப்பில்லை.

சும்மா இருக்கும்போது இணைப்பு அறுந்தால், எஸ்எஸ்எச் அமைப்பில் சர்வர்அலைவ்இன்டர்வல் 30 என்று வையுங்கள். சர்வரிடமிருந்து 30 நொடி எதுவும் வராவிட்டால் 'இருக்கிறாயா' என்று அதைக் கேட்கும். சும்மா கிடக்கிறது என்று வைஃபை இணைப்பை அறுப்பது குறையும். சித்தப்பா கூப்பிடுகிறார், வைக்கிறேன்.