ஷெரிஃப் ஆபீஸ் என்ன பண்ணுது? லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியை வெச்சுப் பார்ப்போம்

வணக்கம் மக்களே! லாஸ் ஏஞ்சலஸ்ல ரோட்டுல போனா எல்ஏபிடி வண்டியும் தெரியும், ஷெரிஃப் வண்டியும் தெரியும். ரெண்டும் ஒண்ணுதான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லவே இல்லை. எல்ஏபிடி சிட்டியோட போலீஸ், அதோட சீஃபை மேயர் நியமிக்கிறாரு. ஷெரிஃப் மொத்த கவுன்டிக்கும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பொதுவான காவல் தலைவர். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க.

இந்த கவுன்டில 88 நகரம் இருக்கு. எந்த நகரத்துலயும் சேராத பகுதியும் நிறைய. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் அப்படித்தான். பேர்ல லாஸ் ஏஞ்சலஸ் இருக்கும், ஆனா எல்ஏபிடி ஏரியா கிடையாது, ஷெரிஃப்தான். மாலிபு வெங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போறீங்கன்னா, அந்தக் கலபாசஸ் பக்கம் முழுக்க ஷெரிஃபோட லாஸ்ட் ஹில்ஸ் ஸ்டேஷன். அவசரம்னா 911 போதும். சின்ன புகார்னா, தபால் முகவரியில இருக்கற ஊர்ப் பேரை நம்பி ஸ்டேஷனைத் தேடாதீங்க. வீடு யார் எல்லைல வருதுன்னு பார்த்துட்டுப் போன் பண்ணுங்க.

ஆபீஸ் ஆரம்பிச்சது 1850ல, கலிஃபோர்னியா மாநிலமான அதே வருஷம். ஆரம்பத்துல வரி வசூலும் ஷெரிஃப் தலையிலதான். 1857ல ஷெரிஃப் ஜேம்ஸ் பார்ட்டன் ஒரு கொள்ளைக் கும்பலைத் தேடிப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்டாரு. பெரிய திருப்பம்னா அது 1954. லேக்வுட் தனி நகரமாச்சு, ஆனா சொந்தமா போலீஸ் வைக்கலை. கவுன்டிக்குப் பணம் கட்டி ஷெரிஃபையே காவலுக்கு வெச்சுக்கிச்சு. அதைப் பார்த்து மத்த நகரங்களும் வந்துச்சு, இப்போ 40க்கு மேல. கவுன்டி ஷெரிஃப் இவ்வளவு பெருசானதுக்கு முக்கியமான காரணமே இந்த ஒப்பந்தம்தான்னு நான் சொல்லுவேன்.

ரோந்து வெளியில தெரியற பாதி. மீதிப் பாதி ஜெயிலும் கோர்ட்டும். கவுன்டி ஜெயில் ஷெரிஃப் கையில. உள்ள இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு இன்னும் தீர்ப்பே வரலை. 2011 அக்டோபர்ல சட்டம் மாறினதுக்கப்புறம், மாநில ஜெயிலுக்குப் போக வேண்டிய சில பேரும் இங்கேயே தண்டனை அனுபவிக்கிறாங்க. யாரையாவது ஆன்லைன்ல தேடணும்னா முழுப் பேரும் பிறந்த தேதியும் கையில வெச்சுக்கோங்க. புக்கிங் நம்பர் (ஜெயில்ல சேர்க்கும்போது கொடுக்கற நம்பர்) இருந்தா இன்னும் நல்லது. வெறும் பேரை வெச்சுத் தேடினா அதே பேர்ல வேற ஆள் வந்து நிப்பாரு.

இவ்வளவு அதிகாரத்தை யார் தட்டிக் கேட்கறது? கவுன்டியை நிர்வாகம் பண்ற போர்டு பட்ஜெட்டைப் பிடிச்சு வைக்கலாம், தினசரி உத்தரவு போட முடியாது. 1998லேர்ந்து 2014 வரைக்கும் ஷெரிஃபா இருந்த லீ பாக்கா, ஜெயில்ல கைதிகளை அடிச்சது பத்தின எஃப்பிஐ விசாரணையைத் தடுத்ததுக்காக 2017ல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. 2022 தேர்தல்ல மக்கள் ஒரு மாற்றம் கொண்டு வந்தாங்க. தகுந்த காரணம் இருந்தா, போர்டுல அஞ்சு பேர்ல நாலு பேர் சேர்ந்து ஷெரிஃபை நீக்கலாம். இது ரொம்பத் தேவையான மாற்றம்.

இப்போ கோர்ட் வேலை. வாடகைக்கு இருக்கறவங்க இதைக் கவனமா கேளுங்க. ஹவுஸ் ஓனர் தானா வந்து பூட்டை மாத்த முடியாது, கரண்டைக் கட் பண்ண முடியாது. அப்படிப் பண்ணினா ஒரு நாளைக்கு 100 டாலர் வரைக்கும் அபராதம், அது போக உங்களுக்கான நஷ்ட ஈடு. காலி பண்ண வைக்கணும்னா கேஸ் போட்டு ஜெயிக்கணும், கோர்ட்ல ரிட் (வீட்டை ஓனர்கிட்ட ஒப்படைக்கச் சொல்ற ஆணை) வாங்கணும். அந்த ரிட்டையும் கட்டணத்தையும், என்ன செய்யணும்னு ஓனர் எழுதின குறிப்பையும் ஷெரிஃபோட சிவில் ஆபீஸ்ல கொடுக்கணும். ரிட் 180 நாளைக்குத்தான் செல்லும்.

டெபுட்டி, அதாவது ஷெரிஃபோட அதிகாரி, வந்து கதவுல நோட்டீஸ் ஒட்டுவாரு. அன்னிலேர்ந்து 5 நாள் டைம். அது முடிஞ்சதும் பூட்டுற நாள். டெபுட்டி உள்ள போய் ஆள் யாரும் இல்லைன்னு பார்ப்பாரு, இருந்தா வெளியேத்துவாரு, ஓனர்கிட்ட ஒப்படைச்சுக் கையெழுத்து வாங்குவாரு. பூட்டு மாத்தற ஆளை ஓனர்தான் கூட்டிட்டு வரணும். சாமானைத் தூக்கறது டெபுட்டி வேலை இல்லை.

இங்கதான் சொதப்பும். ரிட்ல அபார்ட்மென்ட் நம்பர் தப்பா இருந்தா டெபுட்டி திரும்பிப் போயிடுவாரு. ஓனர் நேரத்துக்கு வரலைன்னா புதுசா தேதி வாங்கணும். கோர்ட்லேர்ந்து ஸ்டே வந்தா எல்லாம் நின்னுடும்.

உள்ள மாட்டின சாமானை ஓனர் குறைஞ்சது 15 நாள் பத்திரமா வெச்சிருக்கணும். நீங்க பூட்டை உடைச்சு உள்ள போனா அது குற்றம், அதனால ஓனர்கிட்ட எழுத்துல கேட்டு நேரம் வாங்கிட்டுப் போங்க.

கதை இவ்வளவு தூரம் வரவே விடாதீங்க. கேஸ் பேப்பர் கையில கொடுத்தாங்கன்னா பதில் தாக்கல் பண்ண 10 கோர்ட் நாள். 2025க்கு முன்னாடி அது 5ஆ இருந்துச்சு. சனி, ஞாயிறு, கோர்ட் லீவு கணக்குல வராது. அதை விட்டுட்டீங்கன்னா உங்க தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துடும், அடுத்து உங்க கதவுல ஷெரிஃப் நோட்டீஸ்.