வீட்டில் 153 பேர், உயிலில் ஒரே பேர்: மார்த்தா வாஷிங்டன் சொத்து எங்கே போச்சு?

[திரையில்: மங்கலான கையெழுத்து உயில்]

கண்ணாடி யாருக்கு, எழுதுமேசை யாருக்கு, பாதாள அறையில இருக்கற ஒயின் பாட்டிலை யார் யார் பங்கு போட்டுக்கணும்... எல்லாம் மார்த்தா வாஷிங்டனோட இந்த உயில்ல இருக்கு. ஆனா அந்த வீட்ல அடிமையா இருந்தவங்கள்ல ஒரே ஒருத்தர் பேர்தான் வருது. எலைஷா. அதுவும் மார்த்தா சாகறதுக்கு ரெண்டரை மாசம் முன்னாடி, 1802 மார்ச்ல எழுதின பின்சேர்ப்புல. 1799-ல அவங்க ரெண்டாவது கணவர், அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் கைப்பட எழுதின பட்டியலைப் பாருங்க. மனைவி வழியா வந்தவங்கன்னு மட்டும் 153 பேர்! அவங்க எங்கே?

பின்னணியை முப்பது செகண்டுல முடிச்சிடுவோம். மார்த்தா, பிறந்த வீட்டுப் பேர் டாண்ட்ரிட்ஜ், பிறந்தது 1731, வர்ஜீனியா. முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ். 1757-ல செத்துட்டார். அப்போ மார்த்தாவுக்கு வயசு 26. 1759-ல வாஷிங்டனோட மறுமணம். அவ்வளவுதான்.

ஒரே பெண்ணுக்கு மூணு குடும்பப் பேர். இங்கதான் குடும்ப வரலாறு தேடறவங்க முதல்ல சறுக்குவாங்க. உயில் "வாஷிங்டன்" பேர்ல இருக்கு. அந்தப் பேரை மட்டும் தேடினா முக்கால்வாசி கதை கிடைக்காது. பெத்த நாலு பிள்ளைகளும் தாய்க்கு முன்னாடியே போயாச்சு. உயில்ல வர்றது பேரப்பிள்ளைகள். பேரன் கஸ்டிஸ். பேத்திகள் மூணு பேரும் கல்யாணமானவங்க, அதனால லா, பீட்டர், லூயிஸ்னு மூணு வேற பேர். நிறைவேற்றாளர்கள்ல, அதாவது உயில்படி பங்கு பிரிச்சுக் கொடுக்கறவங்கள்ல, ரெண்டு பேர் டாண்ட்ரிட்ஜ். இதுதான் துப்பு. ஒரு பெண்ணோட பிறந்த வீடு தெரியலன்னா, யாரை நிறைவேற்றாளரா போட்டிருக்காங்கன்னு பாருங்க. அண்ணன் தம்பி, அவங்க பிள்ளைகள் அங்க நிக்க வாய்ப்பு அதிகம்.

உறவுமுறை விஷயத்துல ஜாக்கிரதை. 1773-ல வாஷிங்டன் ஒரு கடிதத்துல ஜாக்கி கஸ்டிஸை "சன் இன் லா"ன்னு எழுதறார். மருமகன்னு எழுதிட்டீங்கன்னா குடும்ப மரமே கோணிடும். ஜாக்கி மார்த்தாவோட மகன். அந்தக் காலத்துல மனைவியோட முதல் தாரத்துப் பிள்ளையையும் அப்படித்தான் சொன்னாங்க. "கசின்"னு இருந்தா அண்ணன் மகனாவும் இருக்கலாம். நாம சிரிக்க முடியாதுங்க. அக்கா மகனும் மருமகன், மகளைக் கட்டினவரும் மருமகன்னு சொல்ற ஊரு நம்மளது.

[திரையில்: மூணு துண்டா வெட்டின வட்டம்]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். டவர் (dower). டவுரி (dowry) இல்லை, டவர்! வரதட்சணையோட குழப்பிக்காதீங்க. கணவர் செத்தா அவர் நிலத்துல மூணுல ஒரு பங்கு விதவைக்கு, ஆயுசுக்கு மட்டும். வர்ஜீனியாவில இந்த விஷயத்துல அடிமைகளையும் நிலம் மாதிரியே நடத்தினாங்க. டேனியல் உயில் எழுதாம செத்தார். அதனால சட்டமே பங்கு பிரிச்சுது. மார்த்தாவுக்கு வந்த அடிமைகள் அனுபவிக்க மட்டும். அவங்க காலத்துக்கு அப்புறம் கஸ்டிஸ் வாரிசுக்குத்தான்.

உங்க வீட்டுப் பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்க. "ஆயுள் பரியந்தம் அனுபவித்து வரவேண்டியது, விக்கிரய பாத்தியதை இல்லை"ன்னு ஒரு வரி இருக்கலாம். 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்னாடி இந்து விதவைக்கும் பெரும்பாலும் இதே கதிதான். ஆனா பத்திரத்துல இருந்தது நஞ்சை, புஞ்சை. அங்க இருந்தது மனுஷங்க.

தனக்குச் சொந்தமில்லாததை உயில்ல எப்படி எழுத முடியும்? அதான் 153 பேரும் அதுல இல்லை. எலைஷா மார்த்தாவுக்கே சொந்தம், அதான் அவர் பேர் வருது. வாஷிங்டன் தனக்குச் சொந்தமான 123 பேரை விடுவிக்கணும்னு தன் உயில்ல எழுதினார். டவர் ஆட்கள், அதாவது மனைவி வழியா வந்த அந்த 153 பேர் மேல தனக்கு அதிகாரம் இல்லைன்னும் அதுலயே எழுதி வச்சார். அந்த 123 பேருக்கு 1801 ஜனவரி 1-ல மார்த்தா விடுதலை கொடுத்தாங்க. ஐசக்குன்னு ஒரு தச்சர், அவருக்கு விடுதலை. மனைவி கிட்டி டவர் ஆள். வர்ஜீனியாவோட 1662 சட்டப்படி பிள்ளை தாயோட நிலையைத்தான் அடையும். அதனால ஒன்பது மகள்களும் டவர். 1802-ல மார்த்தா செத்ததும் டவர் ஆட்களை நாலு பேரப்பிள்ளைகளுக்கும் பிரிச்சாங்க.

அப்போ தேடற வரிசையைத் திருப்பிப் போடுங்க. 1802 உயில்ல ஆரம்பிச்சு பின்னோக்கி 1757 வரைக்கும் போங்க. முதல் கணவரோட சொத்துப் பட்டியல், விலை மதிப்பீடு, பங்கீடு. அப்புறம் மைனர் பிள்ளைகளுக்காகக் காப்பாளர் நீதிமன்றத்துல கொடுத்த வருஷக் கணக்கு. இந்தக் கணக்குகளை எழுதினவர் வாஷிங்டன், செருப்பு வாங்கினது வரைக்கும் விடாத மனுஷன். பேரும் வயசும் தாய் யாருங்கறதும் இந்த மாதிரிக் காகிதங்கள்லதான் சிக்கும்.

காகிதம் காணாமப் போறதும் உண்டு. மார்த்தா பிறந்த நியூ கென்ட் கவுன்டி ஆவணங்களை 1787-ல ஒருத்தர் தீ வச்சுக் கொளுத்தினார். அவர் யார் தெரியுமா? ஜாக்கியோட சொத்தை மேற்பார்வை பார்த்த ஜான் பிரைஸ் போஸி! தூக்குல போட்டாங்க. மார்த்தாவோட அசல் உயிலை அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ஃபேர்ஃபாக்ஸ் கோர்ட்டுலேர்ந்து ஒரு வடக்குப் படை அதிகாரி எடுத்துட்டுப் போய், கடைசியில பெரிய வங்கியாளர் ஜே.பி. மார்கன் கைக்கு வந்துச்சு. வர்ஜீனியா மாநிலம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1915-ல திரும்ப வாங்கிச்சு. அசல் இல்லாட்டியும் கோர்ட்டு உயில் பதிவேட்டுல நகல் இருக்கும், முதல்ல அதைக் கேளுங்க.

பேரனோட பங்குக்குப் போனவங்களைத் தொடரணும்னா அடுத்த உயிலுக்குத் தாவுங்க. அவர் 1857-ல செத்தார். அஞ்சு வருஷத்துக்குள்ள எல்லாரையும் விடுவிக்கணும்னு எழுதியிருந்தார். நிறைவேற்றாளர் மருமகன், நிஜமாவே மகளைக் கட்டினவர்: பின்னாடி உள்நாட்டுப் போர்ல தெற்குப் படைத் தளபதியான ராபர்ட் ஈ. லீ. 1862 டிசம்பர்ல அவர் கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரத்துல ஒவ்வொருத்தர் பேரும் வரிசையா இருக்கு.