எனக்குப் பிறன் யார்?

(மெல்பர்னில் தமிழ் வாசகர்களின் மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுவிடம் ஒரு கேள்வி கேட்கிறான்: ‘எனக்குப் பிறன் யார்?’ ஆங்கில விவிலியத்தில் இந்த இடத்தில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரரைக் குறிக்கும் சொல். நம் பழைய மொழிபெயர்ப்பு ‘பிறன்’ என்றது. பிறன் யாரென்று நமக்குத் தெரியும், நம்மவன் அல்லாதவன். வள்ளுவர் பிறனில் விழையாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதனால் பிறனிடத்தில் அன்பு செலுத்து என்று தமிழில் படிக்கும்போது, அந்தக் கட்டளைக்குள்ளேயே அயலான் வந்து நின்றுவிடுகிறான். கத்தோலிக்கர்கள் இன்று படிக்கும் மொழிபெயர்ப்பில் ‘அடுத்திருப்பவர்’ என்று வரும். புகலிடம் தேடிப் படகில் வந்தவர்களைப் பற்றி இந்த நாட்டில் 20 ஆண்டுகளுக்கு மேலாக நடந்த சண்டையை நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டு சொற்களும் என் நினைவுக்கு வருகின்றன.

2001 ஆகஸ்ட் மாதக் கடைசியில், மூழ்கிக்கொண்டிருந்த மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்து 433 பேரை டாம்பா என்ற நார்வே சரக்குக் கப்பல் காப்பாற்றியது. பெரும்பாலோர் ஆப்கானிஸ்தானின் ஹசாரா மக்கள். கப்பல் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவை நோக்கி வந்தபோது ஆஸ்திரேலிய அரசு அனுமதி மறுத்தது. சிறப்புப் படையினர் கப்பலில் ஏறினார்கள். கடைசியில் ஒரு பகுதியினரை நியூசிலாந்து ஏற்றுக்கொண்டது. மற்றவர்களை, வெறும் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நவ்ரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். சில வாரங்களில் தேர்தல். இந்த நாட்டுக்கு யார் வரலாம், எந்த வழியில் வரலாம் என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்று சொன்ன பிரதமர் ஜான் ஹோவர்டு வென்றார்.

இதை மதத்துக்கும் மதமில்லாத அரசியலுக்கும் நடந்த சண்டை என்று நினைத்தால் தவறு. அதிகாரத்தில் இருந்தவர்களும் ஆலயத்துக்குப் போகிறவர்கள்தான். அப்போது எதிர்க்கட்சியில் இருந்த கெவின் ரட் 2006இல் தி மன்த்லி இதழில் தம் நம்பிக்கையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நாட்சிகளை எதிர்த்து உயிர்விட்ட பாதிரியார் போன்ஹோஃபரை அதில் கொண்டாடினார். ‘எனக்குப் பிறன் யார்?’ என்ற கேள்விக்கு இயேசு பதிலாகச் சொன்ன நல்ல சமாரியன் உவமையை, அதாவது வழியில் அடிபட்டுக் கிடந்தவனை வேற்றினத்தான் ஒருவன் காப்பாற்றிய கதையை, அகதிகளோடு சேர்த்து எழுதினார். பிரதமரானதும் நவ்ரு முகாமை மூடினார். அப்புறம் அவருக்குப் பின் பிரதமரான ஜூலியா கில்லர்டின் ஆட்சியில், 2012இல், அது மறுபடி திறந்தது. 2013 ஜூலை 8 அன்று போப் பிரான்சிஸ் இத்தாலியின் லம்பெதூசா தீவுக்குப் போய், கடலில் இறந்த அகதிகளுக்காக ஜெபித்தார். அதற்கு 11 நாள் கழித்து, மீண்டும் பிரதமராகியிருந்த அதே கெவின் ரட், இனிப் படகில் வரும் எவருக்கும் ஆஸ்திரேலியாவில் குடியேற இடமில்லை என்று அறிவித்தார். அந்தக் கட்டுரையை நம்பிப் படித்தவர்களில் நானும் ஒருவன். அன்று எனக்கு ஏற்பட்ட வலி இன்னும் போகவில்லை.

அடுத்துப் பிரதமராக வந்த டோனி அபாட், ஒரு காலத்தில் குருத்துவக் கல்லூரியில் படித்தவர். இயேசு எல்லாருக்கும் சரி என்று சொல்லவில்லை என்று 2010இல் தொலைக்காட்சியில் சொன்னார். 2015இல் லண்டனில் பேசும்போது, பிறனை நேசிக்கும் நல்ல உணர்வே ஐரோப்பாவைப் பெரும் தவறுக்கு இட்டுச் செல்கிறது என்றார். அவருடைய குடிவரவு அமைச்சர் ஸ்காட் மாரிசன், 2008இல் தம் முதல் நாடாளுமன்ற உரையில் எரேமியா தீர்க்கதரிசியை மேற்கோள் காட்டி, அன்பும் நீதியும் தம் நம்பிக்கையிலிருந்து வருவதாகச் சொன்னவர். இவர்களை வேஷதாரிகள் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையாகவே ஜெபிக்கிறவர்கள் என்றுதான் நம்புகிறேன். அதனால்தான் அவர்களுடைய வாதத்துக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அவர்களுடைய வலுவான வாதம் எல்லையைப் பற்றியது அல்ல, கடலைப் பற்றியது. 2001 அக்டோபரில் ஒரே படகில் 353 பேர் மூழ்கி இறந்தார்கள். 2010 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தீவின் பாறைகளில் ஒரு படகு மோதி நொறுங்கியதைக் கரையில் நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். படகுகளை நிறுத்துவதுதான் இரக்கம் என்று அவர்கள் சொல்வதை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். செத்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

சரி, படகுகளை நிறுத்த என்ன செய்தார்கள்? உயிரோடு வந்து சேர்ந்தவர்களை நவ்ருவிலும் பாப்புவா நியூ கினியின் மானுஸ் தீவிலும் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். அவர்கள் படும் பாட்டைப் பார்த்து அடுத்தவன் படகேறாமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதாவது, ஒரு தாயும் அவள் பிள்ளையும் ஓர் அறிவிப்புப் பலகையாகிவிட்டார்கள். எந்த மதத்தின் இரக்கமும் இந்த இடத்தில் நின்றுவிடும் என்றே நினைக்கிறேன். முகம் தெரியாத ஒருவரைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, முகம் தெரிந்த ஒருவரை வேண்டுமென்றே நோகடிப்பதைக் கருணை என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனை வழியிலேயே கிடத்திவைத்து, இந்தப் பாதை ஆபத்தானது என்று மற்றவர்களுக்குக் காட்டவில்லை. எண்ணெய் வார்த்துக் காயம் கட்டினான்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் திருச்சபைக்குள்ளேயே இருந்தார்கள். 2014 மார்ச்சில், லவ் மேக்ஸ் எ வே என்ற கிறிஸ்தவக் குழுவினர் மாரிசனின் தொகுதி அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்து, தடுப்பு முகாம்களில் இருந்த குழந்தைகளுக்காக ஜெபித்தார்கள். எழுந்து போக மறுத்ததால் கைதானார்கள். தொடர்ந்து இரண்டு பெரிய கட்சிகளின் அலுவலகங்களிலும் இது நடந்தது. கன்னியாஸ்திரிகள், பாப்டிஸ்ட் போதகர்கள், குருமார்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

2016 பிப்ரவரியில், வெளித்தீவுத் தடுப்புமுகாம் சட்டப்படி சரி என்று நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சை போன்ற காரணங்களுக்காக இங்கே வந்திருந்த 267 பேரை நவ்ருவுக்குத் திருப்பி அனுப்பலாம் என்றானது. அவர்களில் 37 பேர் இங்கேயே பிறந்த கைக்குழந்தைகள். மறுநாளே பிரிஸ்பேனின் ஆங்கிலிக்கன் பேராலயத் தலைமைக்குரு பீட்டர் கேட், தம் ஆலயத்தை அடைக்கல இடமாக அறிவித்தார். ஓடி வந்தவரை ஆலயத்துக்குள் புகுந்து பிடிக்கக் கூடாது என்பது பழைய மரபு. இந்த நாட்டுச் சட்டத்தில் அது செல்லுமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை; தெரிந்தேதான் கதவைத் திறந்தார். வேறு பல ஆலயங்களும் சேர்ந்துகொண்டன. அந்த 267 பேரில் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்படவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். நாங்கள் முறைப்படி விசா வாங்கி விமானத்தில் வந்தோம், அவர்கள் வரிசையை மீறி வந்தவர்கள் என்று நம்மவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். கோயில் அன்னதானத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சொன்னவர்களும் உண்டு. ஆஸ்திரேலியா 1954இல் ஏற்றுக்கொண்ட அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, உயிருக்கு அஞ்சி நேரே ஓடி வந்தவரை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. உயிருக்கு ஓடுகிறவனுக்கு எந்த அலுவலக வாசலில் வரிசை போட்டிருக்கிறார்கள் ஐயா? விசா கிடைத்தது நம் புண்ணியம் என்றால், கிடைக்காதது அவர்களுடைய பாவமா?

குயின்ஸ்லாந்தில் பிலோயிலா என்று ஒரு சின்ன ஊர். மாட்டுப் பண்ணை, நிலக்கரி, இறைச்சித் தொழிற்சாலை. வலதுசாரிக் கூட்டணிக்கு வாக்களிக்கும் பகுதி. தனித்தனியே படகில் வந்து இந்த நாட்டில் மணந்துகொண்ட இலங்கைத் தமிழர் இருவரின் குடும்பம் அங்கே வாழ்ந்தது; தகப்பன் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் வந்து, அவர்களையும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளையும் கொண்டுபோனார்கள். 2019இல் நாடுகடத்த விமானத்தில் ஏற்றிய பிறகு, நடுவானில் பறந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றத் தடை வந்து டார்வினில் இறங்கியது. அப்புறம் கிறிஸ்துமஸ் தீவு.

அந்த ஊர் மக்கள் நான்கு ஆண்டுகள் விடவில்லை. மனு எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், தாங்கள் வாக்களித்த கட்சியின் அமைச்சர்களிடமே போய்க் கேட்டார்கள். ‘படகு’, ‘வரிசை’ என்பதெல்லாம் அவர்களும் கேட்ட சொற்கள்தான். ஆனாலும் அவர்கள் சொன்னதெல்லாம் ஒன்றே: இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், திருப்பித் தாருங்கள். 2022 ஜூனில் அந்தக் குடும்பம் தங்கூல் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது, வேலிக்கு இந்தப் பக்கம் ஊர் காத்து நின்றது.