யாகோப் டோன்ட்: ஓபஸ் 35-ஐத் தொடறதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். வெஸ்டர்ன் வயலின்ல கொஞ்ச தூரம் போனவங்க மியூசிக் ஸ்டாண்டுல ஓபஸ் 35 (ஓபஸ்னா இசையமைப்பாளரோட படைப்பு வரிசை எண்) கண்டிப்பா இருக்கும். மொத்தம் 24 எட்யூட், அதாவது பயிற்சிக்கான இசைத்துண்டு. ஆனா அதை எழுதின யாகோப் டோன்ட் யாருன்னு கேட்டா, நிறைய பேருக்குத் தெரியாது. அவரைப் பத்திதான் இன்னிக்கு.

1815-ல வியன்னாவுல பிறந்தார். 1888-ல அங்கேயே காலமானார். அப்பா செல்லோ கலைஞர். வியன்னா கன்சர்வேட்டரியில இவருக்கு ரெண்டு ஆசிரியர்கள்: யோசப் போம், கியோர்க் ஹெல்மெஸ்பெர்கர். 1831-ல, 16 வயசுல, பர்க் தியேட்டர் ஆர்கெஸ்ட்ராவுல சேர்ந்துட்டார். 1834-ல அரசவை இசைக்குழு. வயலின் மேதை பகானினி 1828-ல வியன்னாவுக்கு வந்து ஊரையே கிறங்க வச்சுட்டுப் போன காலம் அது. டோன்ட் அந்த மாதிரி ஊர் ஊராப் போய் மேடை ஏறின நட்சத்திரம் இல்ல. அவரோட பெயர் நின்னது பாடம் சொல்லிக் கொடுத்ததுலயும், எழுதி வச்ச பயிற்சிகள்லயும்தான்.

மாணவர்கள்ல முக்கியமானவர், பின்னால பெரிய வயலின் ஆசிரியரான லெயோபோல்ட் ஆவர். 1850கள்ல, சின்னப் பையனா இருந்தப்போ, டோன்ட்கிட்ட படிச்சார். ஆவர் அப்புறம் இன்னொரு பெரிய வயலின் கலைஞரான யோவாகிம்கிட்டயும் படிக்கப் போனார். யோவாகிமும் அதே போமோட மாணவர். ஆக, ஒரே வழி ரெண்டு பக்கமா ஆவர்கிட்ட வந்து சேருது. அவர்கிட்ட இருந்து ஹைஃபெட்ஸ், எல்மன், மில்ஸ்டைன்னு புகழ்பெற்ற மாணவர்கள்கிட்ட போயிடுது.

டோன்டோட பெரிய பலம், அவர் படிக்கட்டு கட்டினதுதான். ஓபஸ் 38, 20 பயிற்சி, ரெண்டு வயலினுக்கு. மாணவர் மேல் பகுதி வாசிக்க, ஆசிரியர் கீழ்ப் பகுதி வாசிப்பார். சுருதி விலகினா அந்த இடத்துலயே காதுல உறுத்தும். ஓபஸ் 37, 24 பயிற்சி. க்ராய்ட்சர், ரோட்னு ரெண்டு வயலின் கலைஞர்கள் எழுதின எட்யூடுகளுக்கு முன்தயாரிப்புன்னே பேர் வச்சு எழுதினது. ஓபஸ் 35 அதுக்கெல்லாம் மேல, பகானினியோட கஷ்டமான படைப்புகளோட வாசலுக்குக் கொண்டுபோய் விடற இடம். நிறைய பேர் 37-ஐ எளிசுன்னு தள்ளிட்டு நேரா 35-க்குத் தாவறாங்க. முதல் எட்யூட்லயே கை இறுகிடுது. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு.

அந்த முதல் எட்யூட், சி மேஜர். முழுக்கவே கார்டு, அதாவது பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கற சுரக்கூட்டு. என்ன ஆகுதுன்னா, மூணு தந்தியும் சேர்ந்து ஒலிக்கணும்னு வலது கையால அழுத்தறாங்க. சத்தம் கரகரங்குது. அதே நேரம் இடது கட்டைவிரலும் வயலின் கழுத்தைப் பிடிச்சு நெரிக்குது. விரல் அடுத்த கார்டுக்கு நகர மாட்டேங்குது.

இப்படிப் பண்ணுங்க. முதல்ல வில்லை ஓரமா வச்சிடுங்க. இடது கை விரல்களை மட்டும் ஒவ்வொரு கார்டா, ஒரே நேரத்துல தந்தியில இறக்குங்க. அப்புறம் கார்டைப் பிரிச்சு வாசிங்க: கீழ் ரெண்டு தந்தி, அப்புறம் மேல் ரெண்டு. சுருதி பிசகு எந்த ஜோடியில இருக்குன்னு உடனே தெரிஞ்சிடும். அடுத்து மெட்ரோனோம் (தாளக் கருவி) 60, அதாவது நிமிஷத்துக்கு 60 அடி. ஒரு அடி கார்டு, ஒரு அடி மௌனம். அந்த மௌனத்துலதான் அடுத்த கார்டுக்கு விரல் இறங்கணும், வில் நகர்றதுக்கு முன்னாடியே.

மூணு தந்திக் கார்டுல வில்லை நடுத்தந்தியில உட்கார வைங்க. கைப்பிடிப் பக்கம் வச்சு, கை எடையை மட்டும் விடுங்க. தொடு இடத்தைக் கொஞ்சம் ஃபிங்கர்போர்டு (விரல் வைக்கற பலகை) பக்கம் தள்ளினா, அங்க தந்தி நல்லா வளைஞ்சு கொடுக்கும். மூணும் சேர்ந்து பேசும். நாலு தந்தின்னா சேர்ந்து வராது, ரெண்டு ரெண்டாதான் உடைக்கணும். அப்போ வலது முழங்கை வில்லோட சேர்ந்து இறங்கணும். மணிக்கட்டை மட்டும் திருப்பினா மேல் தந்தி கீச்சிடும்.

கட்டைவிரல் வலிச்சா அங்கேயே நிறுத்திடுங்க. நாலு வரி போதும் ஒரு நாளைக்கு. இசையமைப்பாளர் பாக் எழுதின, கார்டு நிறைஞ்ச ஜி மைனர் ஃபியூக்ங்கற படைப்பை வாசிக்கணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு, அங்க தேவைப்படற கை இந்த நாலு வரியிலதான் உருவாகுது.